பின்னறைக்கு வந்த வைஃபை

எங்கள் வீட்டுப் பின்னறைக்கு வைஃபையைக் கொண்டுவந்தது யார் என்று கேட்டால் நான்தான் என்று சொல்வேன். கூச்சமே படாமல் சொல்வேன். ஒயர் இழுத்தவருக்கு ஒரு பங்கு உண்டு, போனில் உட்கார்ந்து வழி சொன்ன மகளுக்கு ஒரு பங்கு உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. மிச்சம் முழுக்க என்னுடையது. தன்னடக்கம் எனக்கு ஒத்துவராத சமாச்சாரம். ஒரு வேலையை நன்றாகச் செய்துவிட்டால் அதை நாலு பேரிடம் சொன்னால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

ஏற்காடு கடைவீதியிலிருந்து கொஞ்சம் கீழே இறங்கினால் சரிவில் எங்கள் வீடு. முன்பக்கம் நாங்கள் கட்டியது. செங்கல், சிமெண்ட், டைல்ஸ். அதில் இரண்டு அறைகளைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறேன். பின்பக்கம் பழைய காலத்து ஒற்றை அறை. ஒரு காலத்தில் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் ஒருவர் அதில் குடியிருந்தாராம். கருங்கல் சுவர். ஜன்னல் திட்டில் ஒரு ஆள் படுத்துத் தூங்கலாம், அவ்வளவு கனம். ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். காபிச் செடிகளைப் பார்த்த ஜன்னலும், படியேறாமல் போய்வர ஒட்டினாற்போல் ஒரு பாத்ரூமும் இருப்பதால் அந்த அறையை என் வீட்டுக்காரருக்கு ஒதுக்கினோம்.

அவர் பஸ் கண்டக்டராக இருந்தவர். சர்வீஸ் முழுக்க சேலம் ஏற்காடு மலைப்பாதைதான். பஸ் ஸ்டாண்டில் அவர் ஒரு குரல் கொடுத்தால் டீக்கடைக்குள் இருக்கிறவர் டம்ளரை அப்படியே வைத்துவிட்டு ஓடிவருவார். அவர் ‘ரைட்’ என்றால் பஸ் கிளம்பும், ‘ஓல்டான்’ என்றால் நிற்கும். “ஸ்டீரிங் டிரைவருகிட்ட இருக்கலாம், வண்டி நகர்றதும் நிக்கறதும் என்ற வாயிலதான் இருக்குது” என்று வீட்டில் வந்து பீற்றிக்கொள்வார். ரிட்டயர் ஆகி, அப்பாடா என்று உட்கார்ந்த கொஞ்ச காலத்தில் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் சொன்ன பேச்சைக் கேட்காமல் போயின. பேச்சு மட்டும் தப்பியது. அதற்கு நான் தினமும் சாமிக்கு நன்றி சொல்கிறேன், சில நாள் அவர் வாயைக் கேட்டபிறகு அதை வாபஸ் வாங்கிக்கொள்வதும் உண்டு.

லைட் ஸ்விட்ச்தான் எங்களுக்கு எமனாக வந்தது. பழைய அறை என்பதால் ஸ்விட்ச் கதவு ஓரத்தில், கட்டிலுக்கு நேர் எதிர்ச் சுவரில் இருந்தது. அதை இடம் மாற்றலாம் என்றால் அந்தக் கருங்கல்லைக் குடைய எந்த எலக்ட்ரீஷியனும் சம்மதிக்கவில்லை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, நடந்து, இடது கையை நீட்டி அதைப் போட வேண்டும். ஒரு தடவை அப்படிப் போகும்போது விழுந்துவிட்டார். அடி பலமில்லை, ஆனால் நான் பயந்துபோய் ஒரு சட்டம் போட்டேன்: எழுந்திருக்கக் கூடாது, எதுவானாலும் என்னைக் கூப்பிட வேண்டும்.

கொஞ்ச நாள் கூப்பிட்டார். நான் அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு ஓடுவேன், வாடகைக்கு வந்தவர்களோடு பேசிக்கொண்டிருந்தால் பாதியில் விட்டுவிட்டு ஓடுவேன். பிறகு கூப்பிடுவது குறைந்தது. பிறகு நின்றே போயிற்று. சாயங்காலம் காபி கொண்டு போனால் இருட்டில் உட்கார்ந்திருப்பார்.

“ஏனுங்க, இப்படி இருட்டுல உக்காந்திருக்கறீங்க? ஒரு குரல் குடுத்தா என்னங்க?”

“வெளிச்சம் கண்ணுக்குக் கூசுது.”

பொய். அந்த மனுஷன் கண் கூசுகிறது என்று வாழ்நாளில் சொன்னதில்லை. எதிர்வெயிலில் பஸ் படியில் தொங்கிக்கொண்டு வந்தவர். ஒரு நாள் விடாமல் பிடித்துக் கேட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

“ஒரு லைட்டுக்கு ஒரு ஆளு ஓடியாறது எனக்கு அசிங்கமா இருக்குது. எதுக்கெடுத்தாலும் உன்னக் கூப்படறதுக்கு இருட்டே தேவலாம்.”

அசிங்கமாம்! நான் என்ன வழியில் போகிற ஆளா என்று ஒரு பிடி பிடித்தேன். கத்தி முடித்துவிட்டு லைட்டைப் போட்டு வெளியே வந்தேன். அடுத்த நாளும் இருட்டில்தான் உட்கார்ந்திருந்தார். என் கோபம் அவரிடம் எடுபடாத இடம் அது ஒன்றுதான்.

கோயமுத்தூரில் வேலை பார்க்கும் எங்கள் மகளிடம் போனில் இதைச் சொல்லி அழுதேன். அடுத்த வாரமே ஒரு பார்சல் வந்தது. உள்ளே ஒரு பல்பு, சொம்பு மாதிரி ஒரு பேசும் பெட்டி, சுவரில் செருகும் பிளக்கு இரண்டு. “அம்மா, அப்பா வாயால சொன்னாப் போதும்மா, லைட்டு தானா எரியும், ஃபேனு தானா சுத்தும். எந்திரிக்கவே வேண்டாம்” என்றாள். அவரிடம் சொன்னபோது உதட்டைப் பிதுக்கினார். ஆனால் மறுநாள் காலையில், பெட்டியை மாட்டப் போகிறோம் என்றதும், தேய்த்த சட்டை ஒன்று எடுத்துப் போட்டுவிடச் சொன்னார். டியூட்டிக்குப் போகிறவர்போல் தலையைப் படிய வாரிக்கொண்டு கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஒன்றும் நடக்கவில்லை. ஹாலில் எரிந்த பல்பு பின்னறைக்கு வந்ததும் கண்ணைக் கண்ணைச் சிமிட்டியது. பேசும் பெட்டியில் நெட் கிடைத்தால் நீல வளையமும் கிடைக்காவிட்டால் சிவப்பு வளையமும் எரியும். சிவப்பிலேயே நின்றது. அவர் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். நான் சொல்லிப் பார்த்தேன். மகள் வீடியோ காலில் எதை எதையோ அமுக்கச் சொன்னாள், அந்த அறைக்குள் வந்ததும் அவள் முகமே உறைந்து நின்றுவிட்டது. பழைய ரௌட்டரின் சிக்னல் அந்தக் கருங்கல் சுவரைத் தாண்டவில்லை.

கடைசியில் அவர் சட்டைப் பொத்தானை இடது கையால் கழற்ற ஆரம்பித்தார். “உடும்மா. இதுவும் என்னையாட்டத்தான், சும்மா உக்காந்திருக்குது. இன்னொருக்கா எனக்கு வேடிக்கை காட்டாதீங்க.”

பெட்டியை எடுத்துக்கொண்டு போ என்றார். எடுக்க மாட்டேன் என்று அதே இடத்தில் விட்டுவிட்டு வந்தேன். நான் எடுத்திருந்தால் அவ்வளவுதான், அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் அதோடு முடிந்திருக்கும்.

அன்றைக்கே நெட்டுக்காரரைக் கூப்பிட்டேன். கொட்டச்சேடு பக்கத்து ஆள், முப்பத்தைந்து வயதிருக்கும். மழையானாலும் பனியானாலும் பைக்கில் கேபிள் சுருளை மாட்டிக்கொண்டு வந்துவிடுவார். பின்னறையில் நின்று சுவரைத் தட்டிப் பார்த்தார்.

“ஏனுங்கக்கா, உங்க மோடம் நொம்பப் பழசுங்க. இந்தச் சுவத்துக்கு அது ஆவாதுங்க. புதுசா ஜோடி வருதுங்க, அத வாங்குங்க. ஒண்ணு ஹால்ல, ஒண்ணு இந்த நடைவழியில. முன்னாடி இருக்கறது குடுக்கறத பின்னாடி இருக்கறது வாங்கி உள்ள தள்ளி உட்டுருமுங்க.”

மகள் புது ஜோடி அனுப்பினாள். எங்கே வைப்பது என்று நெட்டுக்காரர் கேட்டார். எங்கே வைப்பார்கள்? பல்பு பீரோவில்தான்.

மலைக்கு வராதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ப் பனி வெளியே நிற்கிற பனி இல்லை. சாத்தின கதவுக்குள்ளும் வரும். நாலு நாள் கவனிக்காமல் விட்டால் செருப்பில் பூஞ்சை, பெல்ட்டில் பூஞ்சை, கல்யாண ஆல்பத்தில் பூஞ்சை. அதனால் வீட்டுக்கு வீடு ஒரு இரும்பு பீரோவின் அடித்தட்டில் ஸீரோ வாட் பல்பு ஒன்று இரவும் பகலும் எரிந்துகொண்டே இருக்கும். அந்தச் சூட்டில் உள்ளே இருப்பது காய்ந்து கிடக்கும். பட்டுப்புடவை, சர்டிபிகேட், கேமரா, மாத்திரை, கம்பளி எல்லாம் அதற்குள். எங்கள் முதல் ரௌட்டரை ஜன்னல் ஓரம் வைத்தேன், ஒரே மழைக்காலத்தில் பின்னெல்லாம் பச்சை பூத்துச் செத்துப்போனது. இரண்டாவதை நான்தான் யோசித்து, பீரோவின் முதுகில் ஓட்டை போடச் சொல்லி, ஒயரை உள்ளே விட்டு, புடவைகளுக்குப் பக்கத்தில் குடிவைத்தேன். வருஷக்கணக்காக ஒரு தும்மல்கூட இல்லாமல் இருந்தது. பக்கத்து அறைகளில் தங்க வருகிறவர்களுக்கு ஓரளவு நெட்டும் கிடைத்தது. என்னைப் பார்த்து எங்கள் தெருவில் நாலு வீட்டில் ரௌட்டரை பீரோவில் வைத்தார்கள், அந்தப் பெருமையும் எனக்கு இருந்தது.

“அதுஞ் செரிதாங்கக்கா, பனிக்கு அதுதான் பத்திரம்” என்றார் நெட்டுக்காரர். அவரும் மலைக்காரர்தானே. மகள் போனில் கேட்டாள், “எங்கம்மா வெச்சிருக்க?” “ஹால்லதான் கண்ணு” என்றேன். பீரோ ஹாலில்தான் இருக்கிறது. கோயமுத்தூர்க் காய்ந்த காற்றில் இருக்கிறவளுக்கு அதற்குமேல் கேட்கத் தோன்றவில்லை.

இந்த முறை அவருக்கு எதுவும் சொல்லவில்லை. முதலில் எல்லாம் சரியாகட்டும், பிறகு சொல்லலாம். மகள் எனக்குப் போனில் பாடம் நடத்தினாள். ரௌட்டரிலிருந்து இரண்டு அலை வருமாம். ஒன்று வேகமானது, ஆனால் ரொம்ப தூரம் போகாது. இன்னொன்று மெதுவானது, சுவரைத் தாண்டிக் கொஞ்சம் எட்டிப் போகும். பல்பு மாதிரி சாமான்களுக்கு அந்த மெதுவானது மட்டும்தான் தெரியுமாம். எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஒன்று எங்கும் நிற்காத பஸ், இன்னொன்று எல்லா ஸ்டாப்பிங்கிலும் நின்று ஆளை ஏற்றும் பஸ். பின்னறைக்கு வேண்டியது இரண்டாவது. போனிலேயே அந்தப் பக்கத்தைத் திறந்து, இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து, ஒன்றுக்கு ‘வேகம்’ என்றும் இன்னொன்றுக்கு ‘மெதுவு’ என்றும் நானே பெயர் வைத்தேன். நெட்டுக்காரர் பார்த்துவிட்டு, “அக்கா, இத நீங்களாப் பண்ணுனீங்க?” என்று கேட்டார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்னும் வைத்திருக்கிறேன்.

இவ்வளவு செய்தும் பெட்டியில் சிவப்பு மாறவில்லை. எனக்கு மண்டை காய்ந்தது. நெட்டுக்காரர் வந்து சுவரைக் குறை சொன்னார். மறுபடி வந்து பனியைக் குறை சொன்னார். நான் நெட்டுக்காரரைக் குறை சொன்னேன். நடைவழியில் வைத்த இரண்டாவது ரௌட்டரைக் கையில் தூக்கிக்கொண்டு அம்மனைத் தூக்கி வருகிறவள்போல் வீடெல்லாம் நடந்தேன். வாடகைக்கு வந்த ஒரு அம்மா, “என்னங்க, ஏதாவது வேண்டுதலா?” என்று கேட்டார். வேண்டுதல்தான், வேறென்ன.

அப்போதுதான் ஒரு சனிக்கிழமை சென்னையிலிருந்து ஒரு குடும்பம் வந்து இறங்கியது. குளிர் தாங்காமல் இன்னொரு கம்பளி கேட்டார்கள். போய் பீரோவைத் திறந்தேன். கம்பளியை உருவிக்கொண்டிருந்தபோது பின்னறையிலிருந்து சத்தம்.

“ஏம்மா! நீலமாயிருச்சு!”

கதவை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். பெட்டியைச் சுற்றி நல்ல நீல வளையம். ஐயோ சாமி என்று நெஞ்சில் கையை வைத்தேன். பனி உள்ளே போய்விடுமே என்று நினைவு வர, திரும்பி ஓடிப்போய் பீரோவைச் சாத்தினேன்.

“போச்சு, செவப்பாயிருச்சு!”

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. தலையில் அடித்துக்கொண்டு, கொடுக்காமல் விட்ட கம்பளியை எடுக்க மறுபடி பீரோவைத் திறந்தேன்.

“நீலம்! நீலம் வந்துருச்சு!”

கை கைப்பிடியிலேயே நின்றது. மெல்லச் சாத்தினேன். “போயிருச்சு!” திறந்தேன். “வந்துருச்சு!” சாத்தினேன். “அட போயிருச்சு!” இரும்பு! அடேயப்பா, இத்தனை நாளும் புத்தம் புது ரௌட்டரை இரும்புப் பெட்டிக்குள் பூட்டிவைத்துவிட்டு, அது ஏன் பேச மாட்டேன் என்கிறது என்று ஊர் மேல் கோபப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நிச்சயப்படுத்திக்கொள்ள இன்னொரு தடவை திறந்தேன்.

பின்னறையிலிருந்து இந்த முறை வேறு குரல் வந்தது.

“ரைட்!”

சாத்தினேன்.

“ஓல்டான்!”

எத்தனை நாளாயிற்று அந்தக் குரலைக் கேட்டு! அடிவயிற்றிலிருந்து கிளம்பி, ஓடு அதிர வருகிற குரல். நான் பைத்தியக்காரிபோல் திறந்து திறந்து மூடினேன். அவர் ரைட், ஓல்டான், ரைட், ஓல்டான் என்று கொடுத்துக்கொண்டே இருந்தார். சென்னைக் குடும்பம் கம்பளிக்காகக் காத்துக்கொண்டு ஹாலில் வரிசையாக நின்று எங்களைப் பார்த்தது. அவர்கள் பெண் கைதட்ட ஆரம்பித்துவிட்டாள். நான் கண்டுகொள்ளவில்லை.

பிறகு சமையல்கட்டில் நின்றபோதுதான் இன்னொன்று தோன்றியது. வேண்டாம், எடுத்துக்கொண்டு போ, வேடிக்கை காட்டாதே என்று சொன்ன மனுஷன், எந்நேரமும் அந்தச் சிவப்பு வளையத்தையேதான் பார்த்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறார். இல்லாவிட்டால் நீலமான அந்த நொடியில் எப்படிச் சத்தம் போட முடியும்? இதை அவரிடம் நான் கேட்கவில்லை. என் வாய்க்கு அது பெரிய சாதனை.

ரௌட்டரை வெளியே எடுத்தாயிற்று. ஆனால் பனி? திறந்து வைத்தால் அடுத்த மழைக்குள் பச்சை பூத்துவிடும். இரும்பு ஆகாது என்றால் இரும்பில்லாதது வேண்டும். காபிப் பழம் பறிக்கிற மூங்கில் கூடை ஒன்று சும்மா கிடந்தது. ஹாலில் உயரமாக ஒரு பலகை அடிக்கச் சொல்லி, ரௌட்டரை அதில் வைத்து, பக்கத்தில் ஒட்டாமல் ஒரு ஸீரோ வாட் பல்பைப் போட்டு, மேலே கூடையைக் கவிழ்த்தேன். கூடை இடுக்கில் சூடு நின்றது, சிக்னலும் வெளியே வந்தது. இரண்டாவது ரௌட்டரைப் பின்னறைக் கதவுக்கு நேராக நடைவழியில் வைத்தேன். சுவரைத் தாண்ட முடியாவிட்டால் கதவு வழியாகப் போகட்டும் என்றுதான். அதற்கும் ஒரு குட்டிக் கூடை, ஒரு பல்பு. வளையம் நீலமாக நின்றது, மாறவே இல்லை. நடுவில் இரண்டு நாள் விடாமல் மழை பெய்தபோதும் மாறவில்லை.

நெட்டுக்காரர் வந்து கூடையை அண்ணாந்து பார்த்துவிட்டு, சிரித்துச் சிரித்து அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டார். “அக்கா, எங்க ஊட்டுலயும் அது பீரோலதாங்க இருக்குது. நெட்டு வரலைன்னு என்ற சம்சாரம் டெய்லி என்னத் திட்டறா.” அன்று சாயங்காலமே தன் வீட்டில் மாற்றிவிட்டாராம். அதற்கப்புறம் போகிற வீட்டிலெல்லாம் கூடை வைக்கச் சொல்கிறார். கடைவீதியில் ஒரு லாட்ஜ் ரிசப்ஷனில் கூடையைப் பார்த்தேன். இது யார் யோசனை தெரியுமா என்று கேட்டு, அவர்கள் தெரியாது என்றதும் நின்று நிதானமாகச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

அப்புறம் அவரைப் பழக்குவது. அந்தப் பெட்டியை ஒரு பெண் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் அது காது கொடுக்கும். அவர் ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

“கட்டுன பொண்டாட்டி பேரையே நான் சத்தமாக் கூப்பிட்டதில்ல. முன்னபின்ன தெரியாத பொம்பள பேரச் சொல்லிக் கூப்பிடறதா? ஊட்டுல நாலு பேரு வந்து போறாங்க, என்ன நெனைப்பாங்க?”

மகள் போனில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு எங்கேயோ தேடி, ‘கம்ப்யூட்டர்’ என்று கூப்பிட்டாலும் போதும்படி மாற்றினாள். லைட் போட என்ன வார்த்தை, அணைக்க என்ன வார்த்தை என்று அவளே அவரிடம் கேட்டாள். நமக்கு வேண்டியதை நாமே வைத்துக்கொள்ளலாமாம். அவர் யோசிக்கவே இல்லை.

தேய்த்த சட்டையை நான் எடுத்து வரவில்லை. அவரும் கேட்கவில்லை. அழுக்கு ஸ்வெட்டரோடு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார்:

“கம்ப்யூட்டர், ரைட்.”

லைட் எரிந்தது.

அவர் பல்பையே பார்த்துக்கொண்டிருந்தார். இடது கையால் தொடையை ஒரு தட்டுத் தட்டினார். போனுக்குள் மகள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. நான் அழவில்லை. எனக்கு அன்று அதற்கெல்லாம் நேரமில்லை, அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஆனால் என் வீட்டுக்காரரை நினைத்தும் என்னை நினைத்தும் நெஞ்சு நிமிர்ந்து நடந்து போனது நினைவிருக்கிறது. மலையையே நகர்த்திவிட்டவள் மாதிரி குழம்பைக் கிண்டினேன்.

அதற்குப் பிறகு அவர் அட்டகாசம் தாங்க முடியவில்லை. காலையில் ‘ரைட்’, லைட் எரியும். ‘ஓல்டான்’, அணையும். ஏன் எரிகிறது ஏன் அணைகிறது என்று கேட்கக் கூடாது. குளிர்காலத்தில் ஃபேனைச் சுற்றவிட்டுவிட்டு, “வேல செய்யுதான்னு பாத்தேன்” என்பார். மகள் சும்மா இல்லாமல் ஹால் டிவியையும் அதில் சேர்த்துவிட்டாள். நான் சீரியல் பார்த்துக்கொண்டிருக்கும்போது, மருமகள் உண்மையைச் சொல்ல வாய் திறக்கிற நேரத்தில், பின்னறையிலிருந்து “கம்ப்யூட்டர், டிவி ஓல்டான்” என்று வரும். படம் போய்விடும். “ஏனுங்க, உங்களுக்குக் கொழுப்பு ஏறிப்போச்சுங்க!” என்று நான் இங்கிருந்து கத்துவேன். அவர் சிரிக்கிற சத்தம் கேட்கும். அந்தச் சிரிப்புக்காக ஒரு சீரியல் என்ன, பத்து சீரியல் போகட்டும். இதை அவரிடம் சொல்லாதீர்கள்.

வாடகைக்கு வருகிறவர்களை அவரே பின்னறைக்குக் கூப்பிட்டுக் காட்டுகிறார். முன்பெல்லாம் யாராவது எட்டிப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இப்போது, “உள்ள வாங்க, உக்காருங்க, இதப் பாருங்க” என்று ஒரு ரைட் கொடுத்து, வெளிச்சம் வந்ததும் அவர்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். முடிவில், “மோடம் வெச்சதெல்லாம் எங்க ஊட்டுக்காரிதானுங்க” என்பார். அதை மட்டும் நான் கதவுக்கு வெளியே நின்று ஒழுங்காகக் கேட்டுக்கொள்வேன்.

போன கார்த்திகையில் ஒரு சாயங்காலம். கடைவீதிக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பனி இறங்கிவிட்டது. அறைகள் இரண்டும் காலி, முன்பக்கத்தில் யாரும் இல்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாக வந்தவள் பின்னறை ஜன்னலைப் பார்த்தேன். இருட்டு. சுத்தமான இருட்டு.

கரண்ட் போகவில்லை, பாத்ரூம் விளக்கு எரிகிறது. நெட் போயிருக்குமா? இல்லை, மறுபடி பழைய புத்தி வந்துவிட்டதா? இத்தனை பாடுபட்டும் இந்த மனுஷன் திரும்ப இருட்டில் போய் உட்கார்ந்துவிட்டாரா? காய்ப்பையை வாசலில் போட்டுவிட்டுக் கதவைத் தள்ளினேன்.

“ஏனுங்க! எத்தன தடவைங்க சொல்றது! நெட்டு இல்லைன்னா ஒரு குரல் குடுக்கறதுக்கு...”

“ஸ்ஸ்ஸ்.”

“என்னங்க ஸ்ஸ்?”

“கத்தாத. போயிரும்.”

இருட்டில் அவர் இடது கை ஜன்னலைக் காட்டுவது மங்கலாகத் தெரிந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். வேலிக்கு அந்தப் பக்கம், காபிச் செடிகளுக்கு நடுவில், ஒரு காட்டு மாடு. பின்னால் ஒரு கன்று. பனியில் அதுகளின் முதுகு மட்டும் ஒரு நேரம் தெரிந்தது, ஒரு நேரம் மறைந்தது. தாய் தலையைத் தூக்கி எங்கள் பக்கம் பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தது.

“அப்பவே வந்துருச்சு” என்று மெதுவாகச் சொன்னார். “லைட்டு எரிஞ்சா கிட்ட வராதுன்னு நான்தான் அணைச்சேன்.”

நான்தான் அணைச்சேன். அதை அவர் எதையோ பெரிதாகச் சொல்கிற மாதிரி சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னார். கட்டில் ஓரத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் நகர்ந்து இடம் கொடுத்தார். ஜன்னல் வழியாக ஈரக் காற்று வந்தது, போர்வையின் ஒரு முனையை என் தோளில் போடப் பார்த்து, எட்டாமல், என் மடியில் போட்டார். மாடு மேய்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். கன்று ஒரு தடவை வேலிவரை வந்து, எதையோ முகர்ந்து, திரும்பி ஓடியது. கடைசியில் இரண்டும் மெல்லச் சரிவில் இறங்கிப் பனிக்குள் போய்விட்டன. பிறகும் நாங்கள் எழுந்திருக்கவில்லை.

“போயிருச்சு” என்றார். என் பக்கம் திரும்பினார். “லைட்டப் போடட்டுமா?”

அவர் படுத்த நாளிலிருந்து அது நான் அவரைக் கேட்கும் கேள்வி. அவர் என்னைக் கேட்டது அன்றுதான் முதல் தடவை. என் முகம் முழுக்க நனைந்திருந்தது, அதை அவர் பார்த்துவிடக் கூடாது.

“இருங்க” என்றேன். “கொஞ்ச நேரம் போகட்டுங்க.”